ஜிபிஎஸ் ரிசீவரும் ஜிபிஎஸ்டியும்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

மேலூர்ப் பக்கம் சில இளைஞர்கள் கண்மாய்களைச் சுற்றி நடந்து வரைபடம் போட்டு வருகிறார்கள். கரை எங்கே வளைகிறது, மடை எத்தனை, கலுங்கு எந்தப் பக்கம், வரத்துக் கால்வாயில் எங்கே மண் மேடிட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். போனிலேயே குறித்துவிடலாம்தான். ஆனால் பழைய கிராம வரைபடத்தைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் விரித்துவைத்து, தாங்கள் நிற்கும் புள்ளி அதன் மேலேயே நகர்வதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. அதற்காக ஒரு பழைய லேப்டாப், அதில் உபுண்டு லினக்ஸ், ஒரு யுஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவர். ரிசீவர் காந்தத்தோடு குட்டியானை லோடு வண்டியின் கூரையில் ஒட்டிக்கொள்ளும், லேப்டாப் கேபினுக்குள் இருக்கும். ரிசீவர் சொல்வதை வாங்கிக் கியூஜிஐஎஸ்ஸுக்குக் கொடுப்பது ஜிபிஎஸ்டி என்ற மென்பொருள். உபுண்டு போட்டுக் கொடுத்தது நான் என்பதால், எது நின்றாலும் போன் எனக்குத்தான் வரும்.

"அண்ணே, ஜிபிஎஸ்டியை அழிச்சிட்டுத் திரும்பப் போட்டுட்டேன், அப்பவும் வரலண்ணே." பாதி அழைப்புகள் இப்படித்தான் ஆரம்பிக்கும். அழித்துப் போட்டுச் சரியானதாக எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. வானத்திலிருந்து வரும் தகவல் ரிசீவர், கேபிள், கெர்னல் (உபுண்டுவின் அடித்தளம்), ஜிபிஎஸ்டி என்று கை மாறிக் கடைசியில்தான் கியூஜிஐஎஸ்ஸுக்கு வருகிறது. எந்தக் கையில் நின்றது என்று தெரியாமல் ஜிபிஎஸ்டியை மட்டும் போட்டு அடித்தால் அது என்ன செய்யும்?

ஏற்பாடு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜிபிஎஸ்டி, ஜிபிஎஸ்டி-கிளையன்ட்ஸ் என்று இரண்டு பேக்கேஜ். முதலாவது பின்னணியில் ஓடும் சேவை. ரிசீவரிடமிருந்து வருவதை வாங்கி, 2947 என்ற போர்ட் எண்ணில் யார் கேட்டாலும் கொடுக்கும். இரண்டாவதில் சிஜிபிஎஸ், ஜிபிஎஸ்மான், ஜிபிஎஸ்பைப் ஆகிய சோதனைக் கருவிகள் உண்டு. அமைப்புகள் எல்லாம் ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் ஜிபிஎஸ்டி என்ற கோப்பில் இருக்கும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். டிடிஒய்ஏசிஎம்0, டிடிஒய்யுஎஸ்பி0 என்ற போர்ட் பெயர்களில் ஏசிஎம், யுஎஸ்பி என்ற பகுதி மட்டும் பெரிய எழுத்து.

செருகினால் எதுவுமே நடக்கவில்லை

டெர்மினலைத் திறந்து சூடோ டிமெஸ்ஜி மைனஸ் டபிள்யூ என்று அடித்துவிட்டு, அப்புறம் ரிசீவரைச் செருகுங்கள். நாலைந்து வரிகள் ஓட வேண்டும். கடைசியில் ஒரு போர்ட் பெயர் வரும் (இது ரிசீவர் செருகிய வாயிலின் பெயர், 2947 என்ற எண் வேறு). யூ-புளாக்ஸ் சிப்பை நேரடியாக யுஎஸ்பியில் கொண்டிருக்கும் குட்டி டாங்கிள்கள் டிடிஒய்ஏசிஎம்0 என்று வரும். நடுவில் யுஎஸ்பி-சீரியல் சிப் வைத்தவை டிடிஒய்யுஎஸ்பி0 என்று வரும். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும்.

ஒரு வரிகூட ஓடவில்லை என்றால் மென்பொருள் பக்கமே போகாதீர்கள். கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு நான் ஒரு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன், விளக்கு எரிகிறதே என்று நம்பி. வண்டியில் வைப்பவர்கள் கதவு இடுக்கையும் பாருங்கள். கூரையிலிருந்து வரும் கேபிள் கதவில் நசுங்கி நசுங்கி, வெளியே முழுசாகவும் உள்ளே அறுந்தும் இருக்கும்.

வரி வருகிறது, போர்ட் பெயரும் வருகிறது, ஆனால் அடுத்த நொடியே 'டிஸ்கனெக்டட்' என்று காணாமல் போகிறது என்றால் அது வேறு கதை. உபுண்டு 22.04-ல் சிஎச்340 சிப் உள்ள எதைச் செருகினாலும் இந்தக் கூத்து நடக்கும். காரணம் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை. பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் கருவிக்கானது அது. சில பிரெய்ல் கருவிகளுக்கும் இந்தச் சிப்புக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால், நம் ரிசீவரைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்கிறது. டிமெஸ்ஜியில் அதன் பெயரே தெரியும். அந்தக் கணினியில் யாரும் பிரெய்ல் கருவி பயன்படுத்தவில்லை என்று உறுதியானால் அந்தப் பேக்கேஜை எடுத்துவிடலாம். கல்லூரி, நூலகம் போன்ற பொதுக் கணினி என்றால் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

போர்ட் இருக்கிறது, ஜிபிஎஸ்டி ஓடுகிறது, சிஜிபிஎஸ் மட்டும் காலி

முதலில் ஒரு சோதனை. இதை மட்டும் பழகிக்கொண்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி குறையும்.

ஜிபிஎஸ்டியை நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஜிபிஎஸ்டி.சர்வீஸ், ஜிபிஎஸ்டி.சாக்கெட் இரண்டையும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கொடுத்து நிறுத்த வேண்டும். சர்வீஸை மட்டும் நிறுத்தினால், யாராவது 2947-ஐத் தட்டியதும் சாக்கெட் அதை எழுப்பிவிடும். நிறுத்திவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்திய பிறகு, கேட் கட்டளைக்கு அந்தப் போர்ட்டைக் கொடுத்து நேரடியாகப் படியுங்கள். டாலர் குறியில் தொடங்கும் வரிகள் (என்எம்இஏ என்ற வடிவம்) நொடிக்கு ஒரு கொத்தாக ஓடினால், ரிசீவரும் கேபிளும் கெர்னலும் நலம். கோளாறு ஜிபிஎஸ்டிக்கும் போர்ட்டுக்கும் இடையில். ஒன்றும் ஓடவில்லை என்றால் கேபிள், ரிசீவர் பக்கம் இறங்கித் தேட வேண்டும்.

'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் பயனர் பெயர் டயல்அவுட் குழுவில் இல்லை, அவ்வளவுதான். யூசர்மாட் கொண்டு சேர்த்துவிட்டு, லாக்-அவுட் செய்து உள்ளே வாருங்கள். லாக்-அவுட் செய்யாமல் 'சேர்த்துட்டேன் அண்ணே, அப்பவும் அதே பாட்டுதான்' என்பவர்கள் உண்டு. இது நீங்கள் போர்ட்டை நேரடியாகத் தொடுவதற்கு மட்டுமே தேவை. ஜிபிஎஸ்டி வழியாக வாங்கிக்கொள்ளும் கியூஜிஐஎஸ்ஸுக்கு இந்தக் குழு வேண்டாம்.

வரிகள் ஓடின, ஆனால் ஜிபிஎஸ்டியில் மட்டும் காலி. அப்போது அமைப்புக் கோப்பில் 'டிவைசஸ்' என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலும் மேற்கோள்குறிக்குள் ஒன்றுமில்லாமல் இருக்கும். அதற்குக் கீழே யுஎஸ்பிஆட்டோ என்று ஒரு வரி 'ட்ரூ' என்று இருப்பதால், தானாகக் கண்டுபிடித்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். யூ-புளாக்ஸ் டாங்கிள்களைத் தானாகக் கண்டுபிடிக்கும். பொதுவான யுஎஸ்பி-சீரியல் சிப் வைத்தவற்றை ஜிபிஎஸ்தானா, வேறு ஏதாவதா என்று கணினியால் சொல்ல முடியாது. டெவ் ஃபோல்டரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையை அந்த வரியில் நீங்களே எழுதிவிடுங்கள்.

பாதையும் சரி, அப்பவும் காலி என்றால், அந்தப் போர்ட்டுக்கு வேறு ஒருவர் போட்டிக்கு நிற்கிறார் என்று பொருள். யார் என்று சூடோ எல்எஸ்ஓஎஃப் கட்டளையோடு போர்ட் பெயரைக் கொடுத்தால் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து வழக்கமாக மாட்டுகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் மோடம்மேனேஜர். டிடிஒய்ஏசிஎம் என்று எது வந்தாலும் அது 4ஜி டாங்கிளாக இருக்குமோ என்று மோடத்துக்கான கட்டளைகளை அனுப்பிப் பார்ப்பார். சிம் போட்டு நெட் எடுக்கும் வேலை அந்தக் கணினியில் இல்லையென்றால் அவரை நிறுத்திவைக்கலாம். இரண்டாமவர், நீங்களே கையால் ஓடவிட்டு மறந்துபோன இன்னொரு ஜிபிஎஸ்டி. மூன்றாவது கியூஜிஐஎஸ். அதன் ஜிபிஎஸ் அமைப்பில் ஜிபிஎஸ்டியைத் தேர்ந்தெடுக்காமல் சீரியல் போர்ட்டைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அது நேரே போர்ட்டில் போய் உட்கார்ந்துவிடும். ஒரே குழாயில் இரண்டு குடம் வைத்த கதைதான், தண்ணீர் பாதி பாதியாகப் போய் இரண்டிலும் வரி உடைந்து வரும்.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை வைத்து, நியோ-6எம் ஜிபிஎஸ் பலகையை அதன் ஜிபிஐஓ கம்பிகளில் இணைத்தவர்களுக்கு நாலாவது ஒருவரும் உண்டு. சீரியல் கன்சோல். பையின் சீரியல் கம்பிகளில் லாகின் திரை காத்துக்கொண்டிருக்கும், ரிசீவர் அனுப்பும் வரிகளையெல்லாம் யாரோ கடவுச்சொல் அடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும். ராஸ்பி-கான்ஃபிக்கில் சீரியல் பகுதிக்குப் போனால் இரண்டு கேள்வி கேட்கும். லாகின் ஷெல் வேண்டுமா என்பதற்கு 'நோ', சீரியல் ஹார்ட்வேர் வேண்டுமா என்பதற்கு 'யெஸ்'. இரண்டுக்கும் நோ போட்டுவிட்டுத் தேடுகிறவர்கள் நிறைய. ரிசீவரின் டிஎக்ஸ் கம்பி பையின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும், அதாவது 10-ஆவது பின். டிஎக்ஸுக்கு டிஎக்ஸ் கொடுத்தால் ஒன்றும் எரியாது, ஆனால் ஒன்றும் வராது. போர்ட் பெயராக சீரியல்0 என்பதையே கொடுங்கள். பை மாடலுக்கு மாடல் உண்மையான போர்ட் மாறும், இந்தப் பெயர் சரியான இடத்தைக் காட்டிக்கொள்ளும்.

வரிக்குப் பதில் குப்பை எழுத்துகள்

வேகம் பொருந்தவில்லை. பழைய என்எம்இஏ ரிசீவர்கள் 4800-ல் பேசும், நியோ-6எம் 9600-ல் பேசும். எஸ்டிடிஒய் கட்டளையில் வேகத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். டிடிஒய்ஏசிஎம் என்றால் வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஜிபிஎஸ்டிக்கும் இந்தத் தொல்லை கிடையாது. அது தானாகவே ஒவ்வொரு வேகமாகத் தேடிப் பிடித்துக்கொள்ளும், சில நொடிகள் பொறுத்தால் போதும்.

ஆனால் இன்னொன்று உண்டு. நேற்றுவரை வேறு மென்பொருளில் ஒழுங்காக ஓடிய ரிசீவர், ஜிபிஎஸ்டியோடு ஒருமுறை ஓடிய பிறகு குப்பையாகக் கொட்டுகிறது. ரிசீவர் கெட்டுப்போகவில்லை. ஜிபிஎஸ்டி, ரிசீவரை அதன் சொந்த பைனரி மொழிக்கு மாற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளது. அதில் விவரம் அதிகம் கிடைக்கும். ஜிபிஎஸ்சிடிஎல் மைனஸ் என் என்று கொடுத்தால் பழையபடி என்எம்இஏவுக்குத் திரும்பிவிடும். இந்த மாற்றமே வேண்டாம் என்றால் அமைப்புக் கோப்பின் ஆப்ஷன்ஸ் வரியில் மைனஸ் பி சேர்த்துவிடுங்கள்.

வரிகள் ஓடுகின்றன, ஃபிக்ஸ் மட்டும் கிடைக்கவில்லை

ஆர்எம்சி என்று முடியும் பெயருள்ள வரியைப் பாருங்கள். நேரத்துக்கு அடுத்து 'வி' என்ற எழுத்து இருந்தால் ரிசீவருக்கு இன்னும் இடம் தெரியவில்லை. 'ஏ' என்று மாறினால் தெரிந்துவிட்டது, அதுதான் ஃபிக்ஸ். 'வி' வருகிறது என்றாலே கேபிளிலிருந்து ஜிபிஎஸ்டிவரை எல்லாம் சரி, வானம்தான் பாக்கி. இந்த இடத்தில் கணினியை விட்டு எழுந்துவிட வேண்டும்.

எங்கள் கடை மாசி வீதியில், தரைத்தளம், மேலே மூன்று மாடி. கடைக்குள் மேசையில் வைத்துப் பார்த்தால் எந்த ரிசீவரும் விடியவிடிய 'வி'தான் காட்டும். செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து அனுப்பும் சமிக்ஞை தரைக்கு வரும்போது சுற்றியுள்ள இரைச்சலுக்கும் கீழே இருக்கும். கான்கிரீட் தளமும் கம்பியும் அதில் மிச்சமிருப்பதையும் தின்றுவிடும். தகரக் கூரை என்றால் கேட்கவே வேண்டாம். மாடியில் வைத்தாலும் சின்டெக்ஸ் டேங்குக்கு அடியில் வைக்காதீர்கள், இந்த அலைவரிசைக்குத் தண்ணீர் ஒரு சுவர். போனில் மட்டும் உள்ளேயே வருகிறதே என்று கேட்பார்கள். போன் டவரையும் வைஃபையையும் கேட்டுச் சொல்கிறது, செயற்கைக்கோள் தகவலையும் நெட்டிலிருந்து இறக்கிக்கொள்கிறது. நம் ரிசீவர் எல்லாவற்றையும் வானத்திலிருந்தே வாங்க வேண்டும்.

அப்படி வாங்குவதற்கு நேரமும் ஆகும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறேன் என்ற விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் சொல்கிறது. அந்த விவரம் மட்டும் 18 நொடி, 30 நொடிக்கு ஒருமுறை திரும்ப வரும். நடுவில் ஒருவர் குறுக்கே நின்று இரண்டு நொடி தவறினால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இப்படி நாலு செயற்கைக்கோளாவது தேவை, மூன்று கிடைத்தால் உயரம் இல்லாமல் 2டி ஃபிக்ஸ். மாதக்கணக்கில் பீரோவில் கிடந்த ரிசீவரை எடுத்துக்கொண்டு வண்டியில் போய்க்கொண்டே பார்த்தால், புளியமரம், பாலம், லாரி என்று ஒவ்வொன்றும் குறுக்கே வந்து, மேலூர் வரைக்கும்கூட ஃபிக்ஸ் கிடைக்காமல் போகலாம். அதனால் கண்மாய்ப் பையன்களிடம் நான் சொல்லிவைத்திருப்பது: காலையில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, ரிசீவரைப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது 3டி ஃபிக்ஸ் நிற்கும். சாதாரணமாக அரை நிமிடம், ஒரு நிமிடத்திலேயே வந்துவிடும். டீ, தொடாமல் இருப்பதற்கு.

சிஜிபிஎஸ்ஸில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் எதிரே, சமிக்ஞையின் பலத்தைக் காட்டும் எஸ்என்ஆர் என்று ஒரு எண் வரும். 40-ஐத் தொட்டால் நல்ல வானம். எல்லாமே 25-க்குக் கீழே தத்தளித்தால் ஆன்டெனாவைப் பாருங்கள். சதுரப் பீங்கான் வில்லை வானத்தைப் பார்க்க வேண்டும், பலர் அழகாகத் தெரிகிறது என்று கவிழ்த்து ஒட்டியிருப்பார்கள். நியோ-6எம் பலகையில் ஆன்டெனா வயரின் குட்டிப் பித்தளைத் தொப்பி 'டிக்' என்று உட்கார வேண்டும், சும்மா மேலே வைத்தால் போதாது. டாங்கிளை லேப்டாப்பின் யுஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகியிருந்தால், ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டுத் தள்ளிவைத்துப் பாருங்கள். லேப்டாப்பின் இரைச்சலே அதன் காதை அடைத்துக்கொண்டிருக்கும்.

பட்டியலில் 40, 41 என்று எண்கள் வந்தால் குழம்ப வேண்டாம். ஜிபிஎஸ் எண்கள் 32-ஓடு முடிகின்றன. இவை இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து நடத்தும் ககன் சேவையின் புவிநிலைச் செயற்கைக்கோள்கள், பிழைத் திருத்தம் அனுப்புகிறவை. அதைக் காட்டியதும் அடுத்த கேள்வி, "நம்ம நாவிக் வருமா அண்ணே?" சாதாரண ரிசீவர்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸ் ஒன்றை மட்டும் கேட்கும். முதல் தலைமுறை நாவிக் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையில் பேசுவதே இல்லை. 2023 மே 29-ல் ஏவிய என்விஎஸ்-01 தொடங்கித்தான் அந்த வசதி சேர்ந்தது. ரிசீவரும் அதைப் புரிந்துகொள்ளும் வகையாக இருக்க வேண்டும். இப்போதைக்கு அது வராததைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

நேற்று ஓடியது, ரீபூட் செய்த பிறகு இல்லை

கழற்றிச் செருகியதில் ஏசிஎம்0 என்பது ஏசிஎம்1 ஆகியிருக்கும். டெவ் ஃபோல்டருக்குள் சீரியல், அதற்குள் பை-ஐடி என்ற ஃபோல்டரில் ரிசீவரின் முழுப் பெயரோடு ஒரு நீளமான பாதை இருக்கும். டிவைசஸ் வரியில் அதை எழுதினால் எந்தத் துளையில் செருகினாலும் மாறாது.

ஜிபிஎஸ்டி யாராவது கேட்கும்வரை ரிசீவரைத் திறக்கவே திறக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கியூஜிஐஎஸ்ஸைத் திறந்ததும் முதல் சில நொடி காலியாக இருப்பது அதனால்தான். கணினியின் நேரத்தை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுக்க க்ரோனி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. க்ரோனி 2947-ஐத் தட்டிக் கேட்பதில்லை, நினைவகத்தில் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும். ஜிபிஎஸ்டியோ யாரும் கேட்கவில்லையே என்று தூங்கும். ஆப்ஷன்ஸ் வரியில் மைனஸ் என் சேருங்கள், சாக்கெட்டை மட்டும் நம்பாமல் ஜிபிஎஸ்டி.சர்வீஸையும் எனேபிள் செய்யுங்கள்.

இந்தக் கணினியில் வருகிறது, பக்கத்துக் கணினியில் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு'

சாக்கெட் கோப்பில் 127.0.0.1 என்று எழுதியிருக்கும், அதாவது வெளியாருக்குக் கதவு சாத்தியிருக்கிறது. சிஸ்டம்சிடிஎல் எடிட் ஜிபிஎஸ்டி.சாக்கெட் என்று திறந்து, சாக்கெட் என்ற தலைப்பின் கீழ் லிசன்ஸ்ட்ரீம் வரியை முதலில் ஒருமுறை வெறுமையாக எழுதிப் பழையதை அழித்துவிட்டு, அப்புறம் 0.0.0.0, முக்காற்புள்ளி, 2947 என்று எழுதுங்கள். இங்கே மட்டும் சாக்கெட் தலைப்பில் எஸ், லிசன்ஸ்ட்ரீமில் எல்லும் எஸ்ஸும் பெரிய எழுத்து. யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் ஓடினால் அதிலும் வழி விட வேண்டும். ஜிபிஎஸ்டிக்குக் கடவுச்சொல் என்று ஒன்று கிடையாது. கேட்பவர் யாருக்கும் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும். லாட்ஜ் வைஃபையில் இப்படித் திறந்து வைக்காதீர்கள்.

ஃபிக்ஸ் இருக்கிறது, இடம்தான் தப்பு

எவ்வளவு தப்பு என்று பாருங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது.

மதுரையில் நிற்கிறீர்கள், புள்ளி அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் விழுகிறது என்றால், என்எம்இஏ வரியை நீங்களே பிரித்து எழுதிய நிரலில் தவறு. அந்த வரியில் 0955.51 என்று வந்தால் அதற்கு 9 பாகை 55.51 கலை என்று பொருள். கலையை 60-ஆல் வகுத்தால்தான் 9.925 என்ற சரியான எண் கிடைக்கும். வகுக்காமல் 9.5551 என்று புள்ளியை நகர்த்தி வைத்தால் நாற்பது கிலோமீட்டர் தெற்கே போய்விடும். இந்தத் தவறு வெளியே தெரியாமலும் இருக்கும், ஏனென்றால் நடக்க நடக்கப் புள்ளியும் சரியான திசையில் நகரும். கல்லூரிப் பையன் ஒருவன் இரண்டு நாள் ரிசீவரைத் திட்டிக்கொண்டிருந்தான். ஜிபிஎஸ்டியிடமிருந்து ஜேசன் வடிவில் வாங்கினால் இந்தக் கணக்கே வேண்டாம், அது வகுத்தே கொடுக்கும்.

புள்ளி வட துருவப் பக்கம், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் விழுந்தால், அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. மதுரைக்கு 9.92, 78.12. ஜியோஜேசன் போன்ற வடிவங்கள் 78-ஐ முதலில் கேட்கும்.

ஐந்து பத்து மீட்டர் தள்ளி விழுவதும், நின்ற இடத்திலேயே மெல்ல ஊர்வதும் கோளாறு இல்லை, இந்த விலை ரிசீவருக்கு அதுதான் இயல்பு. ஐம்பது, நூறு மீட்டர் தாவினால் எதிரொலி. ஒத்தக்கடையில் யானைமலைக்கு அடியில் நின்று பாருங்கள். ஒரு பக்க வானத்தைப் பாறை மறைத்துவிடும், அந்தப் பாறையில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை நேராக வந்ததுபோல நடிக்கும். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி பக்கச் சந்துகளிலும் இதே கதைதான். ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ என்று பலவற்றையும் கேட்கும் ரிசீவர் இருந்தால் பாதிப்பு குறையும்.

பகலெல்லாம் சரியாக இருந்துவிட்டு, இருட்டிய பிறகு ஃபிக்ஸ் விட்டுவிட்டு வருகிறதா? 40-ல் நின்ற எஸ்என்ஆர் திடீரென 20-க்கு விழுந்து எழுகிறதா? மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபரில் இது அதிகமாக இருக்கும். இதற்கு லேப்டாப்பில் மருந்து இல்லை. காந்த நிலநடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. 1963-ல் முதல் ராக்கெட் கிளம்பிய, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். சூரியன் மறைந்ததும் இந்தக் கோட்டை ஒட்டிய அயனிமண்டலத்தில் குமிழி குமிழியாகக் கலக்கம் ஏற்படுகிறது, அதன் வழியே வரும் சமிக்ஞை நடுங்குகிறது. சூரியன் உக்கிரமாக இருக்கும் ஆண்டுகளில் இன்னும் மோசம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் இதைத் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது, அவர்கள் ஊரில் இது இல்லை. காலையில் போய் அளந்துகொள்ளுங்கள்.

நேரமும் தேதியும் தப்பு

ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தால் அது உலக நேரம். விட்டுவிடுங்கள். போட்டதும் சில நொடி மட்டும் வித்தியாசம் காட்டி, கால் மணி நேரத்தில் தானே சரியானால் அதுவும் கோளாறு இல்லை. ஜிபிஎஸ் நேரம் உலக நேரத்தைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. அந்த வித்தியாசம் எவ்வளவு என்ற செய்தி பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும்.

தேதி கிட்டத்தட்ட இருபது ஆண்டு பின்னால் போனால் கதை வேறு. ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரைதான் எண்ணும், பிறகு சுழியத்திலிருந்து ஆரம்பிக்கும். கடைசியாக அப்படிச் சுழன்றது 2019 ஏப்ரலில். பழைய ரிசீவர்கள் அதோடு குழம்பிவிட்டன. ஜிபிஎஸ்டியிலேயே ஒரு பிழையும் இருந்தது. 3.20 முதல் 3.22 வரையான பதிப்புகள் 2021 அக்டோபர் 24 அன்று தேதியை 2002 மார்ச்சுக்குத் தள்ளிவிட்டன. இதில் வேடிக்கை, கோளாறு ஜிபிஎஸ்ஸில் தெரியாது. 'பிரவுசரில் ஒரு சைட்டும் திறக்கல, சர்டிஃபிகேட் தப்புங்குது' என்றுதான் வருவார்கள், ஏனென்றால் க்ரோனி அந்தத் தேதியை நம்பிக் கணினியின் கடிகாரத்தை மாற்றியிருக்கும். ஜிபிஎஸ்டி மைனஸ் வி (வி மட்டும் பெரிய எழுத்து) என்று கொடுத்துப் பதிப்பைப் பாருங்கள். 3.23-க்குக் கீழே இருந்தால் புதுப்பியுங்கள். புதுப்பித்தும் ரிசீவரே பழைய தேதி சொன்னால், இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, நேரத்துக்கு வேறு வழி பாருங்கள்.

உயரம் தொண்ணூறு மீட்டர் குறைகிறது

இதற்காகப் போன் செய்தவன்தான் கண்மாய்ப் பையன்களிலேயே விவரமானவன். நூறு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் இருபது முப்பது காட்டுகிறது, ரிசீவர் போய்விட்டதா என்றான். போகவில்லை. ஜிபிஎஸ் கணக்குப் போடுவது வழவழப்பான ஒரு நீள்கோளத்திலிருந்து. கடல் மட்டம் அந்தக் கோளத்தோடு ஒட்டி இருப்பதில்லை, ஈர்ப்பு விசைக்குத் தகுந்தபடி ஏறி இறங்கி இருக்கும். உலகத்திலேயே அது மிகவும் பள்ளமாக, 100 மீட்டருக்கும் அதிகமாக இறங்கியிருப்பது நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில். மதுரை அந்தப் பள்ளத்தின் சரிவில் இருப்பதால் இங்கேயே வித்தியாசம் 90 மீட்டருக்கு மேல். ஜிபிஎஸ்டி தரும் ஜேசனில் ஆல்ட்எச்ஏஇ, ஆல்ட்எம்எஸ்எல் என்று இரண்டு உயரம் இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது.

"அப்போ அதை வச்சு கலுங்கு மட்டத்தையும் மடை மட்டத்தையும் ஒப்பிடலாமாண்ணே?" என்றான். முடியாது. பக்கவாட்டில் ஐந்து மீட்டர் தவறினால் உயரத்தில் அதைவிடக் கூடுதலாகத் தவறும், கலுங்குக்கும் மடைக்கும் இடையில் பார்ப்பதோ அடிக்கணக்கு, அங்குலக்கணக்கு. அதற்கு ஊர்க் கொத்தனாரிடம் தண்ணீர் டியூபை வாங்கிக்கொண்டு போ என்று சொல்லி அனுப்பினேன்.